கிரிட்டிமாட்டியும் கிறிஸ்மஸ் தீவும் ஒன்றா? ஒரு பெயர்க் குழப்பத்துக்கு விளக்கம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வரும். ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதியும் பிற்பகல் மூன்றரை மணிக்கு, உலகிலேயே முதலாவதாகக் கிரிட்டிமாட்டி தீவில் புத்தாண்டு பிறந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் செய்தி ஓடுகிறது. வரைபடத்தில் தேடினால் அதே தீவுக்குக் கிறிஸ்மஸ் தீவு என்றும் பெயர் போட்டிருக்கிறது. அப்படியானால் ஈழத்தமிழ் அகதிகளை ஆஸ்திரேலியா கொண்டுபோய் வைத்திருந்த கிறிஸ்மஸ் தீவு இதுதானா? கிரிட்டிமாட்டி என்பது ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்த பூர்வீகப் பெயரா? சென்னை, மதராஸ் போல விடுதலைக்குப் பிறகு பழைய பெயருக்குத் திரும்பினார்களா?

இரண்டும் வேறு வேறு தீவுகள். கிரிட்டிமாட்டி பூர்வீகப் பெயரும் இல்லை, மாற்றி வைத்த பெயரும் இல்லை. அது 'கிறிஸ்மஸ்' என்ற அதே ஆங்கிலச் சொல்தான். அந்தத் தீவு சேர்ந்த கிரிபாஸ் (பலர் கிரிபாட்டி என்று எழுதுவது) என்ற பசிபிக் நாட்டு மொழியின் எழுத்து முறையில் எழுதும்போது அப்படித் தோற்றமளிக்கிறது, அவ்வளவே. படிக்கும்போது அதைக் கிட்டத்தட்ட 'கிரிஸ்மாஸ்' என்றுதான் படிக்க வேண்டும். இங்கே பெரும்பாலோர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்: பூர்வீகப் பெயரைத்தான் வெள்ளைக்காரன் கிறிஸ்மஸ் என்று திரித்துவிட்டான் என்று எழுதிய பதிவுகள் ஏராளம். நடந்தது நேர் எதிர்.

முதலில் இரண்டு தீவுகளையும் பிரித்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவு இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. பரப்பு 135 சதுர கிலோமீட்டர்; மலையும் காடும் உள்ள தீவு. லட்சக்கணக்கில் சிவப்பு நண்டுகள் சாலையைக் கடக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த இடம் இதுதான். 1643 டிசம்பர் 25 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தலைவர் வில்லியம் மைனர்ஸ் அந்தப் பக்கமாகப் போகும்போது இந்தப் பெயரை இட்டார், தரையிறங்கவில்லை. குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் பிலோவீலா ஊரில் குடியிருந்த தமிழ்க் குடும்பத்தை 2019 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2021 ஜூன் வரை காவலில் வைத்திருந்ததும் இந்தத் தீவில்தான். தமிழ்ச் செய்திகளில் கிறிஸ்மஸ் தீவு என்று வந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு இதைத்தான் குறிக்கும்.

நீங்கள் கேட்கும் கிரிட்டிமாட்டி பசிபிக்கின் நடுவில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, ஏறக்குறைய 1 பாகை 52 கலை வடக்கு, 157 பாகை 24 கலை மேற்கில் கிடக்கிறது. ஹவாயின் ஹொனலுலுவிலிருந்து தெற்கே 2,100 கிலோமீட்டருக்கு மேல். தன் சொந்த நாட்டுத் தலைநகரான தராவாவிலிருந்தோ 3,200 கிலோமீட்டருக்கும் அதிகம். மலை என்று எதுவும் கிடையாது. மிக உயரமான மேடே 13 மீட்டர்தான். பவளப் பாறையும் பவள மணலும் சேர்ந்த தட்டையான வளையத் தீவு, உள்ளே காயல், காயலைச் சுற்றி எண்ணிலடங்காத உப்புக் குளங்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரிட்டன் இந்த இரண்டு கிறிஸ்மஸ் தீவுகளையும் ஒரே ஆண்டில் தன்னோடு இணைத்துக்கொண்டது. பசிபிக் தீவை 1888 மார்ச் 17 அன்றும், இந்தியப் பெருங்கடல் தீவை அதே ஆண்டு ஜூன் 6 அன்றும். காரணங்கள் வேறு. பசிபிக் தீவை எடுத்ததற்குப் பின்னால் கடலடித் தந்திக் கம்பிக்கு ஒரு நிலையம் வேண்டும் என்ற யோசனை இருந்தது (கடைசியில் 1902இல் நிலையம் அமைந்தது பக்கத்து ஃபானிங் தீவில்). மற்றதை எடுத்தது பாஸ்பேட்டுக்காக. இப்படி அடுத்த எழுபது ஆண்டுகள் ஒரே அரசின் கோப்புகளில் ஒரே பெயரில் இரண்டு தீவுகள். ஆவணங்கள் குழம்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இனி பெயர். ஜேம்ஸ் குக் தன் மூன்றாவது பயணத்தில் ரெசல்யூஷன், டிஸ்கவரி என்ற இரு கப்பல்களுடன் தாஹித்தி வட்டாரத்திலிருந்து வடக்கே வந்துகொண்டிருந்தார். 1777 டிசம்பர் 24 விடியற்காலையில் இந்தத் தீவு கண்ணில் பட்டது. கண்டது 24 என்றாலும், கிறிஸ்மஸ் பண்டிகையை இங்கேதான் கழித்தோம், அதனால் இந்தப் பெயர் என்று குக்கே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே பெயரின் காரணத்தில் ஐயத்துக்கு இடமில்லை. ஜனவரி 2 வரை அங்கே தங்கியதற்கு இரண்டு நோக்கங்கள்: ஒன்று ஆமை, மற்றொன்று சூரிய கிரகணம். இரண்டு கப்பல்களுக்கும் சேர்த்து முந்நூறு ஆமை வரை பிடித்தார்கள். பல மாதக் கடற்பயணத்தில் புது இறைச்சி என்றால் அதுதான். உயிரோடு கப்பலில் போட்டுவைத்தாலும் வாரக்கணக்கில் தாங்கும்.

கிரகணம் டிசம்பர் 30 அன்று. அதைக் காயல் வாயிலில் இருந்த குட்டித் தீவிலிருந்து பார்த்தார்கள். அந்தத் திட்டுக்கு அதனால் கிரகணத் தீவு என்று பெயர் வைத்தார். இன்று அதைக் குக் திட்டு என்கிறார்கள். இது பொழுதுபோக்குக்காகச் செய்த வேலை இல்லை. அந்தக் காலத்தில் அட்சரேகையை நண்பகல் சூரியனை வைத்து எளிதாகக் கணிக்கலாம். தீர்க்கரேகைதான் தலைவலி: இங்கே மணி என்ன, அதே கணத்தில் கிரீன்விச்சில் மணி என்ன என்று இரண்டும் தெரிந்தால்தான் கணக்கு வரும். கிரகணத்தைப் பல இடங்களிலிருந்து நேரம் குறித்துவைத்தால் அந்த வித்தியாசம் கிடைக்கும். கப்பல் கடிகாரத்தின் பிழையையும் திருத்தலாம். குக் கொடுத்த தீர்க்கரேகையை இன்றைய முறைக்கு மாற்றினால் 157 பாகை 30 கலை மேற்கு. இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு சில கலைதான் வேறுபாடு. ஒரு தீவைக் கண்டு, பெயரிட்டு, பிறகு வரைபடத்தில் தவறான இடத்தில் போட்டுத் தொலைத்த கப்பல் தலைவர்கள் அந்த நூற்றாண்டில் நிறையப் பேர். கிறிஸ்மஸ் தீவுக்கு அந்தக் கதி வரவில்லை. அதனால்தான் இந்தப் பெயர் போட்டியில்லாமல் நிலைத்தது என்பது என் கணிப்பு.

குக் பார்த்தபோது அங்கே மனிதர் இல்லை. குடிதண்ணீருக்காகப் பல இடங்களில் தோண்டியும் கிடைக்கவில்லை. தென்னை மொத்தம் முப்பது மரத்துக்கு மேல் இராது என்று எழுதியிருக்கிறார். தேங்காய்களையும் கிழங்கையும் நட்டு, முலாம்பழ விதை தூவி, அரசர் பெயரும் கப்பல்களின் பெயரும் தேதியும் எழுதிய சீட்டை ஒரு புட்டியில் அடைத்து வைத்துவிட்டுக் கிளம்பினார். வடக்கே போனவருக்கு 1778 ஜனவரி 18 அன்று ஹவாய்த் தீவுகள் தென்பட்டன. அதற்குப் பிறகு இந்தத் தட்டைத் தீவை யார் நினைக்கப்போகிறார்கள்!

குக்குக்கு முன்? இங்கே உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். பாலினேசியக் கடலோடிகள் வந்து போயிருக்கிறார்கள் என்பது தொல்பொருள் தடயங்களால் உறுதி. ஆனால் ஐரோப்பியர் வந்த காலத்தில் யாரும் எஞ்சியிருக்கவில்லை. ஆளில்லாத இடத்தில் பெயரை எடுத்துச்சொல்ல நாவும் இல்லை. எனவே அவர்கள் இந்தத் தீவை எப்படி அழைத்தார்கள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. இணையத்தில் யாராவது 'ஆதிப் பாலினேசியப் பெயர்' என்று அடித்துச் சொன்னால் ஆதாரம் கேளுங்கள். அடுத்தது ஸ்பானியர் கதை. 1537இல் எர்னாந்தோ தே கிரிஹால்வா தலைமையில் வந்த கப்பலில் கலகம் நடந்து, அவரைக் கொன்றுவிட்டு மாலுமிகள் மேற்கே ஓடினார்கள். வழியில் ஆசெயா என்ற தீவைக் கண்டதாகக் குறிப்பு உண்டு. அது கிறிஸ்மஸ் தீவாக இருக்கலாம் என்பது சிலர் ஊகம். சரியான தீர்க்கரேகை இல்லாத காலத்துக் குறிப்பை வைத்து, நிலநடுக்கோட்டருகே கிடக்கும் தீவுகளில் இதுதான் என்று விரல் வைப்பது கடினம். ஸ்பானியர் கண்டுபிடித்தார்கள் என்று ஒரே வரியில் முடிக்கும் கட்டுரைகளை அந்த அளவுக்கு மட்டும் நம்பலாம்.

சரி, 'கிறிஸ்மஸ்' எப்படி 'கிரிட்டிமாட்டி' ஆனது? கிரிபாஸ் மக்களின் மொழியை ரோமன் எழுத்தில் எழுத உட்கார்ந்தவர் ஹைரம் பிங்ஹாம் என்ற அமெரிக்க மிஷனரி. அபையாங் தீவுக்கு 1857இல் வந்தவர். மொத்தம் 13 எழுத்துகளே போதும் என்று வைத்துக்கொண்டார். உயிர் ஐந்து, மெய்யில் ப, க, ம, ந, ங, ர, ட, வ ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. 'ஸ'வுக்குத் தனி எழுத்து இல்லை. காரணம், அந்த மொழியில் 'ஸ' தனி ஒலியாக நிற்பதில்லை. 'ட'வுக்குப் பின்னால் 'இ' வந்தால் அந்த 'ட' தானாகவே 'ஸ' ஆகிவிடும். தமிழ் படிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 'கல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே 'க'வை எழுதி மூன்று விதமாக ஒலிக்கிறோமே, யாரும் தடுமாறுவதில்லை. இடத்தை வைத்து ஒலி மாறும் என்பது பேசுகிறவர்களுக்குத் தெரியும், வெளியாள்தான் முழிப்பார்.

இப்போது படிப்படியாகப் பாருங்கள். அந்த மொழியில் இரண்டு மெய்கள் ஒட்டி வராது. மூக்கொலிகள் தவிர வேறு மெய்யில் சொல் முடியவும் கூடாது. எனவே 'க்ரிஸ்மஸ்' உள்ளே நுழையும்போது 'க்ர்' பிரிந்து 'கிரி' ஆகிறது. நாமும் அதையேதான் செய்கிறோம். நடுவில் உள்ள 'ஸ்ம்' என்ற கூட்டு 'ஸிம' என்று விரிகிறது. கடைசி 'ஸ்' தனியே நிற்க முடியாமல் 'ஸி' ஆகிறது. கிடைப்பது கி-ரி-ஸி-மா-ஸி. 'ஸி' என்பதை எழுதும் வழி 'டி' என்பதால் எழுத்தில் கி-ரி-டி-மா-டி. பேச்சில் நடுவிலும் கடைசியிலும் உள்ள 'இ' தேய்ந்துபோய்விடும்; ஆக வாயில் வருவது மறுபடியும் 'கிரிஸ்மாஸ்'.

இதே சூத்திரத்தை நாட்டின் பெயருக்குப் போட்டால் அடுத்த புதிரும் விடுபடும். 1788இல் சிட்னிக்குக் கைதிகளை இறக்கிவிட்டுச் சீனா நோக்கிப் போன இரு கப்பல்களின் தலைவர்கள் தாமஸ் கில்பர்ட், ஜான் மார்ஷல். மார்ஷல் தீவுகளும் கில்பர்ட் தீவுகளும் அவர்கள் பெயரால்தான். 'கில்பர்ட்ஸ்' என்ற சொல்லில் வரும் 'ல'வும் ஆங்கில 'ஜி' எழுத்தின் மெல்லிய 'க' ஒலியும் அந்த மொழியில் இல்லை; 'ல' போய் 'ர' வந்து, கடைசி 'ட்ஸ்' என்பது 'டி' என்ற எழுத்தில் அடங்கி, கி-ரி-பா-டி என்று எழுதி 'கிரிபாஸ்' என்று ஒலிக்கிறது. கில்பர்ட் தீவுகளுக்கு மட்டும் துங்காரு என்ற சொந்தப் பெயர் உண்டு. ஆனால் 1979 ஜூலை 12 அன்று விடுதலை பெற்ற நாட்டில் ஃபீனிக்ஸ் தீவுகளும் லைன் தீவுகளும் (கிரிட்டிமாட்டி இவற்றில் ஒன்று) சேர்ந்திருந்தன. துங்காரு என்றால் அவை அடங்காது. எனவே கில்பர்ட்ஸ் என்பதன் உள்ளூர் வடிவமே எல்லோருக்கும் பொதுவாக நாட்டுப் பெயர் ஆனது. நம் மதராஸ் மாற்றத்தோடு இதை ஒப்பிட முடியாது என்பது இதனால்தான்.

இந்த எழுத்து முறைக்கு ஒரு வேடிக்கையான காரணமும் உலவுகிறது: மிஷனரியின் தட்டச்சுப் பொறியில் 'எஸ்' பொத்தான் உடைந்திருந்ததாம், அதனால் 'ஸ'வை விட்டுவிட்டாராம். இது கட்டுக்கதை. பிங்ஹாம் வந்தது 1857. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சேறியது 1873. தட்டச்சுப் பொறி கடைக்கு வந்ததோ 1874. மேலும் மொழியின் ஒலியமைப்பே அந்த எழுத்தைக் கேட்கவில்லை எனும்போது உடைந்த பொத்தானுக்கு என்ன வேலை?

விதியைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லா 'ட'வையும் 'ஸ' ஆக்கிவிடுவார்கள். பின்னால் 'இ' இருந்தால் மட்டுமே மாறும். தராவாவின் முதலெழுத்தும் ரோமனில் அதே 'டி'தான் (தமிழில் 'த' என்று எழுதுகிறோம்), ஆனால் தராவா தராவாதான், ஸராவா இல்லை. தபுவாயெரான், தெராயினா என்ற பக்கத்துத் தீவுகளும் அப்படியே. ஆனால் 1943 நவம்பரில் அமெரிக்கரும் ஜப்பானியரும் மோதிய பெட்டியோ என்ற திட்டு பேச்சில் 'பேஸியோ'. 1994இல் அதிபரான தெபுரோரோ டிட்டோவின் பெயரில் இரண்டு வகையும் இருக்கிறது: முதற்பெயரில் 'தெ' மாறாது, குடும்பப் பெயர் 'ஸிட்டோ' என்று ஒலிக்கும்.

தமிழில் எப்படி எழுதுவது என்று கேட்டால், நான் நாட்டுக்குக் 'கிரிபாஸ்' என்றும் தீவுக்குக் 'கிரிஸ்மாஸ்' என்றும் எழுதுவதையே சரி என்பேன். தமிழ் ஒலிப்படி எழுதும் மொழி. ரோமன் எழுத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பதால் வருவதுதான் கிரிபாட்டி, கிரிபட்டி, கிரிட்டிமாட்டி எல்லாம். ஆனால் நடைமுறைச் சங்கடம் ஒன்று இருக்கிறது: 'கிரிஸ்மாஸ்' என்று எழுதினால் வாசகர் பண்டிகையையோ ஆஸ்திரேலியத் தீவையோ நினைப்பார், தேடுபொறியும் அப்படியே. அதனால் முதல் முறை வரும்போது 'கிரிட்டிமாட்டி (உச்சரிப்பு: கிரிஸ்மாஸ்)' என்று போட்டுவிட்டுப் பிறகு கிரிட்டிமாட்டி என்றே தொடர்வதில் தவறில்லை. இந்தப் பதிலிலும் தீவுக்கு அதைத்தான் செய்திருக்கிறேன்.

தீவின் பின்னணிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் பறவை எச்சத்தை உரமாக வெட்டுவதற்காக அமெரிக்கர்கள் 1856ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றைக் காட்டி உரிமை கோரினார்கள். பிரிட்டன் 1888இல் இணைத்தது, 1919இல் கில்பர்ட், எல்லிஸ் தீவுகள் குடியேற்றத்தில் சேர்த்தது. அமெரிக்கா தன் கோரிக்கையைக் காகிதத்தில் விட்டுக்கொடுத்தது 1979இல் தராவாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில். அதுவும் 1983இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் லீவர் என்ற பிரிட்டிஷ் சோப்பு நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னை வைத்துப் பார்த்தது. வறட்சி பெரும்பகுதியை அழித்தது.

பிறகு வந்தவர்தான் சுவாரஸ்யமானவர். எம்மானுவல் ரூஜியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1917 முதல் தீவைக் குத்தகைக்கு எடுத்து லட்சக்கணக்கில் தென்னை நட்டார். ஊர்ப் பெயர்களும் அவர் கைவண்ணம். காயல் வாய்க்கு ஒரு பக்கம் தான் குடியிருந்த இடத்துக்குப் பாரிஸ் என்று வைத்தார். எதிர்க் கரையில் துறைமுகத்துக்கு லண்டன். நடுவில் ஓடும் நீர்வழி ஆங்கிலக் கால்வாய்போல என்று நினைத்துக்கொள்ளலாம். பாரிஸ் இன்று ஆளில்லாத இடிபாடு. லண்டன்தான் முக்கிய ஊர். தெற்கே போலந்து என்றொரு கிராமம் உண்டு. ரூஜியேயிடம் வேலை பார்த்த போலந்துக்காரர் ஒருவரின் நினைவாக அந்தப் பெயர் என்பது பரவலான விளக்கம். விமான நிலையத்தருகே இருப்பது பனானா. லண்டனுக்கு அடுத்து தபுவாக்கேயா. லண்டன், போலந்து, பனானா என்று முகவரி எழுதும் ஊர் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இன்றைய மக்கள் பெரும்பாலும் தோட்ட வேலைக்காகக் கில்பர்ட் தீவுகளிலிருந்து வந்தவர்களின் வாரிசுகளும், நெரிசல் மிகுந்த தெற்குத் தராவாவிலிருந்து அரசு குடியேற்றியவர்களும்தான். 2020 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7,400 பேர்.

கிறிஸ்மஸ் தீவில் அணுகுண்டு வெடித்தார்கள் என்று படித்தால் அது இந்தத் தீவு, நண்டுத் தீவு அல்ல. இதைத் தப்பாகப் போடும் கட்டுரைகள் ஆங்கிலத்திலும் உண்டு. பிரிட்டன் 1957 மே, ஜூனில் இந்த வட்டாரத்தின் முதல் மூன்று சோதனைகளை மால்டன் தீவருகே நடத்தியது. படைத்தளம் மட்டும் கிரிட்டிமாட்டியில். அந்தத் தூரத்துக்குக் கப்பலும் விமானமும் ஓட்டுவது செலவு, நேரம் என்று பார்த்து, அடுத்ததைத் தளம் இருந்த தீவுக்கே கொண்டுவந்தார்கள். 1957 நவம்பர் 8 அன்று தென்கிழக்கு முனைக்கு அப்பால் 1.8 மெகாடன், 1958 ஏப்ரல் 28 அன்று சுமார் 3 மெகாடன், பிரிட்டன் வெடித்தவற்றிலேயே பெரியது அதுதான், அதே ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் இன்னும் நான்கு. ஆக பிரிட்டன் கணக்கில் இங்கே ஆறு. 1962இல் அமெரிக்கா ஏப்ரல் 25 முதல் ஜூலை 11 வரை விமானத்திலிருந்து போட்டு வெடித்தவை 24. தீவு மக்களைச் சில சோதனைகளின்போது கப்பலில் ஏற்றினார்கள்; மற்ற சமயங்களில் தீவிலேயே கண்ணை மூடவைத்து உட்காரவைத்தார்கள்.

விளைவு பற்றி இரண்டு தரப்பு உண்டு. வெடிப்புகள் பெரும்பாலும் கடலுக்கு மேலே உயரத்தில் நடந்ததால் தரையில் கதிர்வீச்சு எச்சம் மிகக் குறைவு என்பது அரசு அளவீடுகளின் முடிவு. இன்று தீவில் அளந்தாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அன்று அங்கிருந்த படைவீரர்களும் தீவு மக்களும் தங்கள் நோய்களுக்கும் சோதனைக்கும் தொடர்பு உண்டு என்று பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார்கள். இடத்தில் இன்று எஞ்சியிருக்கும் கதிர்வீச்சும் அன்று ஒரு மனிதர்மேல் விழுந்ததும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு வந்த விடையை இரண்டாவதற்கும் விடை என்று காட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அதற்குமேல் மருத்துவத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. படைகள் விட்டுப்போன துருப்பிடித்த வண்டி, பீப்பாய்களைப் பிரிட்டன் அள்ளி அகற்றி முடித்தது 2008இல்தான்.

புத்தாண்டு விஷயம் புவியியல் அல்ல, நிர்வாக முடிவு. 1994 வரை தேதிக் கோடு நாட்டின் குறுக்கே ஓடியது. தராவாவில் சனிக்கிழமை என்றால் கிரிட்டிமாட்டியில் வெள்ளி. கிரிட்டிமாட்டியில் ஞாயிறு என்றால் தராவாவில் திங்கள். இரண்டு பக்கத்து அலுவலகமும் ஒருசேரத் திறந்திருப்பது வாரத்தில் நான்கே நாள். அந்தத் தொல்லையைத் தீர்க்கவே 1994 முடிந்து 1995 பிறக்கும் தறுவாயில் கிழக்குத் தீவுகள் ஒரு நாளைத் தாண்டிக் குதித்தன. அதனால் கிரிட்டிமாட்டி கிரீன்விச்சுக்கு 14 மணி நேரம் முன்னால் போனது. ஹவாயில் கடிகார முள் காட்டுவது இதே மணிதான், தேதி மட்டும் ஒரு நாள் பின்னால். இந்திய நேரத்தில் பிற்பகல் 3.30க்கு அங்கே நள்ளிரவு. கால் மணி கழித்து நியூசிலாந்தின் சாத்தம் தீவுகள், 4.30க்கு நியூசிலாந்தின் பெரிய தீவுகள். முதல் நள்ளிரவு என்பது சரி. முதல் சூரிய உதயம் என்று சேர்த்துச் சொன்னால் தவறு: அதே நேர மண்டலத்தில் இன்னும் கிழக்கே, தென்கோளத்தில் ஆளில்லாத கரோலின் தீவு இருக்கிறது, கிரிட்டிமாட்டிக்கு முன்னால் அங்கே விடிந்துவிடும். 2000ஆம் ஆண்டை முன்னிட்டு அதற்கு மில்லேனியம் தீவு என்று பெயர் சூட்டியதும் அந்த உரிமைக்காகத்தான்.

உலகின் மிகப் பெரிய பவளத் தீவு என்ற சிறப்பு நிலப்பரப்பில் உண்மை. ஆனால் நாட்டின் நிலத்தில் 70 விழுக்காடு இதுவே என்று பல இடங்களில் படியெடுத்து வைத்திருப்பதை விட்டுவிடுங்கள். உள்குளங்களைச் சேர்த்தால் 388, சேர்க்காவிட்டால் 320 சொச்சம் சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். நாட்டின் மொத்தம் 811. எப்படி வகுத்தாலும் பாதியைத் தொடாது. இவ்வளவு நிலம் இருந்தும் மக்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் குக்குக்குக் கிடைக்காத அதே தண்ணீர். மழை நீர் பவள மணலில் இறங்கிக் கடல் நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கும். அளவாக இறைத்தால் நன்னீர். பேராசைப்பட்டு இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறிவிடும். மழையோ எல் நினோ (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிகழ்வு) வந்தால் கொட்டும், மற்ற காலத்தில் ஆண்டுக்கணக்கில் பொய்க்கும். ஆனால் கடலுக்கு எல் நினோ நல்லதல்ல. 1982-83இல் மீன் இல்லாமல் கடற்பறவைகள் குஞ்சுகளை விட்டுவிட்டே பறந்துபோயின; 2015-16 வெப்பத்தில் சுற்றியுள்ள பவளத்தில் பெரும்பகுதி செத்தது.

கடைசியாக, பழைய செய்தியிலோ ஆவணத்திலோ வெறும் கிறிஸ்மஸ் தீவு என்று மட்டும் இருந்தால் எதுவென்று கண்டுபிடிக்கும் வழி. ஃபிஜி, தராவா, ஃபானிங், கொப்பரை என்ற சொற்கள் பக்கத்தில் வந்தால் பசிபிக். சிங்கப்பூர், ஜாவா, பெர்த் வந்தால் மற்றது. 1958 ஜனவரியில் தனியாகப் பிரிக்கப்படும்வரை அதன் நிர்வாகம் சிங்கப்பூர் வழியாக நடந்தது; அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆஸ்திரேலியாவிடம் போனது. பாஸ்பேட், உரம் என்ற சொற்களை மட்டும் நம்பாதீர்கள், இரண்டிலும் வெட்டியிருக்கிறார்கள். விமானச் சீட்டு எடுக்கிறவர்கள் குறியீட்டைப் பார்க்க வேண்டும்: கிரிட்டிமாட்டி சி.எக்ஸ்.ஐ., ஆஸ்திரேலியத் தீவு எக்ஸ்.சி.எச். எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றே, வரிசை வேறு. இணைய முகவரி 'சி.எக்ஸ்' என்று முடிந்தால் ஆஸ்திரேலியத் தீவு, 'கே.ஐ' என்றால் கிரிபாஸ். வானிலையோ நேரமோ பார்ப்பதானால் பெயரை விட்டுவிட்டுத் தீர்க்கரேகையைப் பாருங்கள்: 157 மேற்கு என்றால் நீங்கள் கேட்ட தீவு, 105 கிழக்கு என்றால் நண்டுத் தீவு.